கோரிங் கிராமத்தைச் சுற்றி ஓட ஒரு முழு வழிகாட்டி: பாலம், தண்ணீர், ரயில் பார்த்து வழி வகுப்பது எப்படி?

லண்டன் பேடிங்டனிலிருந்து ரெடிங் வழியாக டிட்காட் போகும் ரயில்பாதையில் கோரிங் அண்ட் ஸ்ட்ரீட்லி என்று ஒரு சிறிய நிலையம் இருக்கிறது. அங்கே இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் தேம்ஸ் ஆறு. கிழக்குக் கரையில் ஆக்ஸ்ஃபர்டுஷையரின் கோரிங், மேற்குக் கரையில் பெர்க்‌ஷையரின் ஸ்ட்ரீட்லி, நடுவில் ஒரு பாலம். சில்டர்ன் குன்றுகளுக்கும் பெர்க்‌ஷையர் குன்றுகளுக்கும் இடையே ஆறு சுண்ணக்கல்லை அறுத்துக்கொண்டு போகும் இடம் இது. அதனால் சமதளமும் ஏற்றமும் காடும் புல்வெளியும் நடந்தே போகும் தூரத்தில் கிடைக்கின்றன.

முதல்முறை இங்கே ஓட வருபவர்கள் பெரும்பாலும் தூரத்தை மட்டும் முடிவு செய்துகொண்டு வருகிறார்கள்: இன்றைக்குப் பத்து கிலோமீட்டர், எங்காவது சுற்றிவிட்டுத் திரும்பலாம் என்று. நகரத் தெருக்களில் அது சரிப்படும், ஆற்றங்கரையில் சிக்கலாகும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது பாலம். அடுத்து தண்ணீர் மட்டம், அதற்கடுத்து பாதியில் முடியாமல் போனால் வெளியேறும் வழி. தூரத்தை இவை மூன்றும் முடிவான பிறகு தீர்மானித்தால் போதும். கீழே உள்ள பகுதிகளும் இதே வரிசையில்தான் இருக்கின்றன.

1. வரைபடத்தை வாங்கி, பாதையின் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் 171ஆம் எண் வரைபடம் வேண்டும். ஸ்ட்ரீட்லிக்கு மேற்கே குன்றுப்பக்கம் நீண்ட தூரம் போவதென்றால் 170ஆம் எண்ணும் தேவைப்படும். இரண்டும் 1:25,000 அளவில் இருப்பவை, அதாவது தாளில் நான்கு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். கைபேசிச் செயலியில் பார்ப்பதானால் வீட்டிலேயே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மரங்களுக்கு நடுவே நின்று சிக்னலுக்காகக் காத்திருக்கும் நிலை வரக்கூடாது.

சாதாரணக் கைபேசி வரைபடம் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. அதில் பண்ணைக்குள் போகும் தனியார் வழியும் பொதுவழியும் ஒரே மாதிரி தெரியும். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் பொதுமக்களுக்கு உரிமையுள்ள வழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். குட்டிக் கோடுகள் என்றால் நடப்பவர்களுக்கான ஃபுட்பாத், நீளக் கோடுகள் என்றால் குதிரையும் மிதிவண்டியும் வரக்கூடிய பிரைடில்வே. வழியில் உள்ள கம்பங்களிலும் இதே பாகுபாடு உண்டு: ஃபுட்பாத்துக்கு மஞ்சள் அம்பு, பிரைடில்வேக்கு நீல அம்பு, வண்டிகளும் வரக்கூடிய பைவேக்குச் சிவப்பு அம்பு. ஓடுபவர்கள் இவை எல்லாவற்றிலும் போகலாம். வண்ணத்தைத் தெரிந்துகொள்வது எதிரே யார் வருவார்கள் என்பதை ஊகிக்கத்தான்.

இன்னோர் அடையாளம் ஓக் மரத்தின் கொட்டை. நெடுந்தூரம் நடப்பதற்கான தேசிய நெடும்பாதைகளுக்கு இந்தச் சின்னம் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு பாதைகள் கோரிங்கில் சந்திக்கின்றன. ஒன்று ஆற்றோடு போகும் தேம்ஸ் பாத், மற்றொன்று ஏவ்பரி பக்கத்திலிருந்து ஐவிங்கோ பீக்கன் வரை சுமார் 87 மைல் போகும் ரிட்ஜ்வே. சின்னம் ஒன்றாக இருப்பதால் புதியவர்கள் தடுமாறும் இடம் இதுவே. ஓக் கொட்டையைப் பார்த்ததும் அதன் பின்னால் போய்விடாதீர்கள், அருகில் எழுதியிருக்கும் பாதையின் பெயரையும் படியுங்கள்.

2. பாலங்களை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். நீங்கள் ஓடக்கூடிய எல்லைக்குள் நடந்து ஆற்றைக் கடக்க மூன்று இடங்கள்தான் இருக்கின்றன: மேலே வாலிங்ஃபர்டு பாலம், நடுவில் கோரிங் பாலம், கீழே விட்சர்ச் பாலம். வாலிங்ஃபர்டுக்குச் சற்றுத் தெற்கே புறவழிச்சாலைப் பாலம் ஒன்றும் இருக்கிறது. வண்டிகள் வேகமாகப் பறக்கும் இடம் என்பதால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வரைபடத்தில் இன்னும் இரண்டு பாலங்கள் தெரியும். மோல்ஸ்ஃபர்டிலும் கேட்ஹாம்ப்டனிலும் செங்கல் வளைவுகளோடு ஆற்றின் மேல் நிற்பவை. இரண்டுமே ரயில் பாலங்கள், நடந்து கடக்க முடியாது. இவற்றை நம்பித் திட்டம் போட்டு வந்து, வளைவுக்குக் கீழே நின்று மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

லாக் எனப்படும் படகு மதகுகளும் இப்படியே ஏமாற்றும். கோரிங்கிலும் அதற்கு மேலே கிளீவிலும் லாக் இருக்கிறது. மதகுக் கதவின் மேல் ஆட்கள் நடப்பதைப் பார்த்ததும் மறுகரைக்கே போய்விடலாம் என்று தோன்றும். அந்தக் கதவுகள் லாக்கின் அகலத்தைத்தான் தாண்டும். அப்பால் தடுப்பணையும் ஆறும் இருக்கின்றன, பொதுவழி கிடையாது.

மூன்றாவது ஏமாற்று, பெயர்ப்பலகை. சோல்சியில் ஆற்றுக்கு இறங்கும் தெருவுக்கு ஃபெர்ரி லேன் என்று பெயர். இந்த ஆற்றோரத்தில் அப்படிப்பட்ட பெயர்கள் இன்னும் கண்ணில் படும். ஒருகாலத்தில் ஓடம் இருந்தது, இப்போது இல்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இதனால் என்ன ஆகிறது? கோரிங்கிலிருந்து மேல்நோக்கி ஒரு கரையில் போய் மறுகரையில் திரும்ப நினைத்தால் அது சுமார் 20 கிலோமீட்டர். இடையில் குறுக்குவழியே இல்லை. எட்டு, பத்து கிலோமீட்டர் ஓடுபவர்களுக்கு ஒரே கரையில் போய்வருவது அல்லது ஒரு திசையில் மட்டும் ஓடி ரயிலில் திரும்புவது, இந்த இரண்டுதான் வழி.

3. தண்ணீர் மட்டத்தை முந்தின நாளும் அன்று காலையும் பாருங்கள்

குளிர்காலத்தில், முக்கியமாக டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, தேம்ஸ் கரையின் புல்வெளிகள் மூழ்குவது வழக்கமான விஷயம். 2024 ஜனவரியில் ஹெங்க் புயலுக்குப் பிறகு இந்தப் பள்ளத்தாக்கில் பல இடங்கள் தண்ணீருக்குள் இருந்தன.

புதியவர்கள் மழை நின்றதும் கிளம்பிவிடுகிறார்கள். மழையும் ஆறும் ஒரே நாளில் ஏறி இறங்குவதில்லை. மேலே காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகள் பக்கமெல்லாம் பெய்த மழை இங்கே வந்துசேர நேரம் பிடிக்கும். சுண்ணக்கல் குன்றுகள் உறிஞ்சிய நீரோ இன்னும் மெதுவாகக் கசிந்து வரும். வானம் தெளிந்து வெயில் அடிக்கும் நாளில்கூட ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம்.

பார்க்க வேண்டியவை இரண்டு. பிரிட்டிஷ் அரசின் வெள்ள எச்சரிக்கைப் பக்கத்தில் கோரிங் என்று தேடினால் எச்சரிக்கைகளும் அருகிலுள்ள நீர்மட்டமும் வரும். அடுத்து, படகுக்காரர்களுக்காகச் சுற்றுச்சூழல் முகமை ஒவ்வொரு லாக்குக்கும் வெளியிடும் ஆற்று நிலவரம். மஞ்சள் பலகை என்றால் நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது, சிவப்பு என்றால் வேகம் அதிகம், படகை எடுக்காதே. இது ஓடுபவர்களுக்காக வைத்ததல்ல, ஆனாலும் நமக்கு நன்றாகவே உதவும். சிவப்பு இருக்கும் நாளில் ஆற்றங்கரைப் பாதையை விட்டுவிட்டு எட்டாம் பகுதியில் சொல்லியிருக்கும் குன்றுவழிக்குப் போங்கள்.

பாதையில் தண்ணீர் நிற்பதைக் கண்டால் இறங்கிக் கடக்க வேண்டாம். கலங்கிய நீருக்கு அடியில் கரை எங்கே முடிகிறது என்று தெரியாது. சாதாரண நாளிலும் கரையின் ஓரத்து விளிம்பில் ஓடாதீர்கள். அடியில் மண் அரித்திருக்கும், மேலே புல் மட்டும் நிற்கும். ஒரு அடி உள்ளே தள்ளி ஓடினால் போதும்.

4. பருவத்துக்கேற்பக் கிளம்பும் நேரத்தை மாற்றுங்கள்

டிசம்பர் நடுவில் மாலை நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். காடு அதற்கும் முன்பே இருட்டும். மதியம் இரண்டு மணிக்குக் கிளம்புவது தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேறு நிறைந்த நாளில் வழக்கமான நேரத்தோடு கால் பங்கு கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். தலையில் மாட்டும் விளக்கு சின்னதாக ஒன்று பையில் இருக்கட்டும்.

ஜூன், ஜூலையில் வெளிச்சத்துக்குக் குறையில்லை, செடிகள்தான் தொந்தரவு. பாதையோரம் நெட்டில் இடுப்பளவு வளர்ந்திருக்கும். நம் ஊர்க் காஞ்சொறி போலத்தான், பட்டால் எரிந்து தடிக்கும். அந்த இரண்டு மாதமும் முழங்கால் வரை காலுறை அல்லது நீளமான இறுக்கக் காற்சட்டை போடுங்கள். உண்ணியிடமிருந்தும் அதுவே காக்கும்.

அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை பெசன்ட் எனப்படும் காட்டுக்கோழி வகைப் பறவைகளைச் சுடும் பருவம். குன்றுப்பக்கக் காடுகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. பொதுவழியில் உங்களுக்கு உரிமை உண்டு. பளிச்சென்ற நிறத்தில் உடுத்தி, பாதையை விட்டு விலகாமல் போங்கள். ஆட்கள் வரிசையாக நின்றால் நின்று குரல் கொடுங்கள், வழி விடுவார்கள்.

5. காலணியும் பையும்

கோடையில், அதுவும் சில நாள் மழையில்லாமல் இருந்தால், சாதாரண ஓட்டக் காலணியே ஆற்றங்கரைக்குப் போதும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அடியில் ஆழமான பற்கள் உள்ள டிரெயில் காலணி அவசியம். ஆற்றோரத்தில் வண்டல் சேறு, குன்றில் ஈரச் சுண்ணக்கல், மேட்டுக் காட்டில் களிமண்ணில் புதைந்த சக்கிமுக்கிக் கற்கள். இவற்றில் அதிகம் வழுக்குவது ஈரச் சுண்ணக்கல்தான், பார்ப்பதற்கு வெள்ளையாக, சுத்தமாக, உறுதியாகத் தெரியும்.

பையில்: காற்றுத் தடுக்கும் மெல்லிய மேலாடை, கைபேசி, வங்கி அட்டை, அரை லிட்டர் தண்ணீர், ஒரு விசில். அவசரத்துக்கு 999. பேச்சுக்குச் சிக்னல் போதாத இடத்தில் குறுஞ்செய்தி போய்விடும், ஆனால் அதற்கு முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘ரிஜிஸ்டர்’ என்ற சொல்லை 999க்குச் செய்தியாக அனுப்பி, வரும் பதில்படி செய்தால் முடிந்தது. இதை இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து செய்துவிடுங்கள்.

6. முதல் ஓட்டம்: ஸ்ட்ரீட்லியிலிருந்து மோல்ஸ்ஃபர்டு வரை, போய்வர சுமார் 6 கிலோமீட்டர்

நிலையத்திலிருந்து கோரிங் ஹை ஸ்ட்ரீட் வழியாக இறங்கிப் பாலத்தைக் கடந்து ஸ்ட்ரீட்லிக்குப் போங்கள். பாலம் வரை நடங்கள். நடைபாதை குறுகல், பாலத்தில் படம் எடுக்க நிற்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். உடம்பு சூடேற இந்த நடை சரியாக இருக்கும்.

ஸ்ட்ரீட்லியில் தேம்ஸ் பாத் தேவாலயப் பக்கமாகத் திரும்பி, புல்வெளி தாண்டி கிளீவ் லாக்கை அடைகிறது. அதன்பின் ஆறு வலதுகைப் பக்கம் இருக்க, புல்வெளிகள் வழியாக வடக்கே மோல்ஸ்ஃபர்டு வரை. வழி தவற வாய்ப்பில்லை, ஏற்றமும் இல்லை. முதல் ஓட்டத்துக்கு இதைச் சொல்வதன் காரணமே அதுதான்: கேட்டைத் திறந்து மூடுவது, மாடு மேயும் வயலைக் கடப்பது, சமமில்லாத புல்தரையில் கால் வைப்பது மூன்றையும் வேறு கவலை இல்லாமல் பழகிக்கொள்ளலாம்.

மோல்ஸ்ஃபர்டில் பீட்டில் அண்ட் வெட்ஜ் என்ற ஆற்றோர உணவகம் வரும். அங்கே பாதை ஆற்றை விட்டு மேலேறி ஏ329 சாலைக்குப் போகிறது. முதல் நாள் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். போகும்போது முதுகில் தள்ளுவதால் வேகம் தானாக வரும், திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். போகும் வேகத்தைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். குளிர்காலத்தில் திரும்பும் முன் மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள், வியர்த்த உடம்பில் எதிர்க்காற்று பட்டால் சீக்கிரம் விறைத்துவிடும்.

வயலில் மாடுகள் இருந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். ஓடும் உருவத்தைக் கண்டால் அவை மிரளும் அல்லது பின்னாலேயே வரும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் புகாதீர்கள், சுற்றிப் போங்கள். நாயோடு போகும்போது மாடுகள் துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பலாம். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்வது இங்கே எழுதப்பட்ட விதி. திறந்த கேட்டை அக்கறையாக மூடிவிட்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். மாடுகள் தண்ணீருக்குப் போகும் வழியாக அது இருக்கலாம்.

தூண்டில்காரர்களையும் கவனியுங்கள். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை மீன்பிடிக்கத் தடை. ஜூன் 16 அன்று பருவம் திறந்ததும் கரையெங்கும் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களுடைய நீளமான கம்புகள் பாதைக்குக் குறுக்கே கிடக்கும், விலையும் அதிகம், மிதித்தால் உடையும். தூரத்திலேயே ஒரு ‘குட் மார்னிங்’ சொல்லி வேகத்தைக் குறைத்தால் அவர்களே இழுத்துக்கொள்வார்கள்.

7. இரண்டாவது ஓட்டம்: பாங்பர்னிலிருந்து கோரிங், ஒருவழி, சுமார் 7 கிலோமீட்டர்

எல்லாரும் கோரிங்கிலிருந்து ஓடி, பாங்பர்னில் ரயிலேறித் திரும்பலாம் என்றுதான் நினைப்பார்கள். மாற்றிச் செய்யுங்கள். கோரிங்கில் ரயிலேறி அடுத்த நிலையமான பாங்பர்னில் இறங்கி அங்கிருந்து ஓடி வாருங்கள். நின்று நின்று போகும் ரயில்கள் மட்டுமே இந்த இரண்டு நிலையங்களிலும் நிற்கும், விரைவு வண்டிகள் நிற்காது. ஒன்றைத் தவறவிட்டால் நனைந்த உடையோடு நடைமேடையில் நிற்க வேண்டும். ரயில் பயணத்தை முதலில் முடித்துவிட்டால் ஓட்டத்தின் முடிவில் மாற்றுடையும் வண்டியும் உங்கள் அருகிலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காக ரயிலுக்குப் பதில் பேருந்து விடுவதும் உண்டு, முந்தின இரவே பார்த்துவிடுங்கள்.

இந்தத் திசையில் ஏற்றம் முதலில் வந்துவிடும் என்பது இன்னொரு வசதி. பாங்பர்னில் இறங்கி விட்சர்ச் பாலத்தைக் கடக்கிறீர்கள். அது சுங்கப் பாலம், கட்டணம் வண்டிகளுக்குத்தான், நடந்து போகிறவர்களுக்கு இல்லை. கிராமத்தைத் தாண்டிச் சாலை மேடேறும். அந்த மேட்டில் இடது பக்கம் ஓக் கொட்டைச் சின்னத்தோடு பாதை பிரிகிறது. மூச்சு வாங்கக் குனிந்தபடி ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்காமல் சாலையிலேயே நேரே போய்விடுகிறார்கள். மேட்டை நடந்தே ஏறுங்கள், கண் இடது பக்கம் இருக்கட்டும்.

பிறகு ஹார்ட்ஸ்லாக் காட்டுக்கு முன் ஒரு செங்குத்தான பள்ளம் வரும், இறங்கி உடனே ஏற வேண்டும். ஈரமான நாளில் இறங்கும்போது உடம்பைப் பின்னால் சாய்க்காமல் குட்டி அடிகளாக வையுங்கள். சாய்ந்தால் குதிகால் வழுக்கும். காட்டுக்குள் பாதை ஆற்றுக்கு மேலே சரிவில் போகிறது, வேர்கள் நிறைய. இந்த ஓட்டத்தின் மிக அழகான பகுதி இது. இலையுதிர்ந்த மாதங்களில் மரங்களின் ஊடே கீழே ஆறு முழுவதும் தெரியும். இதற்காகவே வேகத்தைக் குறைக்கலாம்.

காட்டைத் தாண்டியதும் மேலே உள்ள புல்சரிவு ஹார்ட்ஸ்லாக் இயற்கைக் காப்பகம். பிரிட்டனில் மிகச் சில இடங்களில் மட்டுமே வளரும் மங்கி ஆர்க்கிட் இங்கே பூக்கும். மே மாதத்தில் பார்க்க ஆசைப்பட்டால் ஓட்டத்தை நிறுத்தி, குறிக்கப்பட்ட பாதையில் மட்டும் நடந்து ஏறுங்கள். பாதையை விட்டு வைக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு செடியின் மேல் படலாம்.

கடைசிப் பகுதி கேட்ஹாம்ப்டன் ரயில் பாலத்தின் கீழே நுழைந்து சமமான புல்வெளி வழியாகக் கோரிங். வெள்ள காலத்தில் முதலில் மூழ்குவதும் இந்தப் பகுதிதான்.

மறுகரையில் ஏ329 சாலை வழியாகத் திரும்பி ஒரு வட்டமாக்கலாமே என்ற யோசனை வரும். வேண்டாம். குறுகலான, வேகமான, வளைவுகள் நிறைந்த சாலை அது, ஆற்றோரமாகப் பாதையும் கிடையாது.

8. மூன்றாவது ஓட்டம்: ஸ்ட்ரீட்லியிலிருந்து குன்றுக்கு

வெள்ள நாட்களுக்கும் ஏற்றப் பயிற்சிக்கும் இதுதான். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று குறுகியது, செங்குத்து. ஸ்ட்ரீட்லி நாற்சந்தியிலிருந்து பி4009 சாலையில் ஸ்ட்ரீட்லி ஹில் ஏறி, நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் லார்டன் சேஸ் புல்வெளிக்குப் போவது. ஆற்றிலிருந்து 100 மீட்டர் அளவுக்கு ஏற்றம். சாலையில் ஓடி ஏறாதீர்கள், ஓரமாக நடங்கள். ஓட வேண்டிய இடம் மேலே புல்வெளியில். அங்கிருந்து கோரிங், ஸ்ட்ரீட்லி, ஆறு, எதிர்க்குன்று எல்லாம் ஒரே பார்வையில் விழும். வரைபடத்தை அங்கே விரித்து நீங்கள் ஓடிய பாதைகளை நேரில் அடையாளம் பாருங்கள், வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் இல்லை.

இரண்டாவது நீளமானது, மென்மையானது. நாற்சந்தியிலிருந்து வடக்கே போய் ஏ417இல் இடது பக்கம் பிரிந்து, சிறிது தூரத்தில் ரெக்டரி ரோட்டில் திரும்புங்கள். இதுவே ரிட்ஜ்வே. வண்டி அதிகம் வராத தார்ச்சாலை வாரன் ஃபார்ம் என்ற பண்ணை வரை போகும், அதன் பிறகு சுண்ணக்கல் தடம் மெல்ல மேலேறும். பண்ணை வரை ஓடித் திரும்பினாலே நல்ல பயிற்சி. மேலே போனால் டிராக்டர் சக்கரங்கள் பதித்த பள்ளங்கள் இருக்கும், நடுவிலோ ஓரத்திலோ புல் உள்ள பகுதியாகப் பார்த்து ஓடுங்கள். குதிரைகள் வரும். பின்னாலிருந்து நெருங்கும்போது பேசிக்கொண்டே நடந்து வாருங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை திடுக்கிடாது.

நடைபாதை இல்லாத சாலைத்துண்டுகளில் வலது பக்கம், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி ஓட வேண்டும். வலப்பக்கம் வளையும் மறைவான திருப்பம் வந்தால் முன்கூட்டியே இடது பக்கம் மாறி, கடந்ததும் திரும்ப வலது பக்கம் வந்துவிடுங்கள்.

9. நீண்ட வட்டம்: கோரிங், வாலிங்ஃபர்டு, திரும்ப ஸ்ட்ரீட்லி, சுமார் 20 கிலோமீட்டர்

முன் சொன்ன மூன்றையும் ஓடிப் பழகியவர்களுக்கு மட்டும். பாலமில்லாத நீளமான பகுதி இது. கிளீவ் லாக்கிலிருந்து அடுத்த லாக்கான பென்சன் வரை 6.5 மைல். கடலின் ஏற்றவற்றம் எட்டும் எல்லையான டெடிங்டனுக்கு மேலே தேம்ஸில் இரண்டு லாக்குகளுக்கு இடையே இவ்வளவு தூரம் வேறெங்கும் இல்லை.

திசை மிக முக்கியம். கிழக்குக் கரையில் மேலே போய், மேற்குக் கரையில் கீழே வாருங்கள். கிழக்குக் கரையில் கோரிங்கை விட்டால் வாலிங்ஃபர்டு வரை ரயில் நிலையம் இல்லை. மேற்குக் கரையில் சோல்சி நிலையம் இருக்கிறது, அங்கிருந்து ஒரே நிறுத்தத்தில் கோரிங். கால் புதிதாக இருக்கும்போது வெளியேற வழியில்லாத கரையில் ஓடி, களைப்பு வரும்போது வழியுள்ள கரைக்கு மாறிவிடுகிறீர்கள். எதிர்த்திசையில் போனவர்கள் கடைசி ஐந்து கிலோமீட்டரில் நொண்டிக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகு இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கிழக்குக் கரையில் ரிட்ஜ்வே சின்னத்தைப் பின்பற்றுங்கள். கோரிங்கின் வடக்கு வீடுகளைத் தாண்டி சவுத் ஸ்டோக். அங்கே பாதை ஆற்றுக்கு இறங்கி, மோல்ஸ்ஃபர்டு ரயில் பாலத்தின் கீழே நுழைகிறது. மேலே நிமிர்ந்து பாருங்கள், வளைவின் செங்கற்கள் சாய்வாக அடுக்கப்பட்டிருக்கும். பாலம் ஆற்றைக் கோணலாகக் கடப்பதால் அப்படிக் கட்டியிருக்கிறார்கள். பிறகு நார்த் ஸ்டோக், ஒரு கோல்ஃப் மைதானம், மாங்வெல். கோல்ஃப் மைதானத்தில் பந்தடிக்க நிற்பவர் தெரிந்தால் அவர் அடிக்கும் வரை நில்லுங்கள்.

மாங்வெல்லுக்கு அப்பால் புறவழிச்சாலைப் பக்கம் ரிட்ஜ்வே கிழக்கே, கிரிம்ஸ் டிட்ச் என்ற பழைய மண்கரை வழியாகக் குன்றேறிப் போய்விடும். உங்கள் வழி நேரே வடக்கே, க்ரோமார்ஷ் நோக்கி. இவ்வளவு தூரம் ஓக் கொட்டையைப் பார்த்தே வந்த பழக்கத்தில் பலர் கிழக்கே திரும்பிவிடுகிறார்கள். மாங்வெல் வந்ததும் நின்று வரைபடத்தைப் பாருங்கள்.

வாலிங்ஃபர்டில் பத்து நிமிடம் நிறுத்தி எதையாவது சாப்பிட்டுத் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். கோரிங் வரை கடைத்தெரு இனி இல்லை. பிறகு தேம்ஸ் பாத் சின்னத்தோடு தெற்கே. சோல்சி மார்ஷ் பக்கம் ஃபெர்ரி லேன் வரும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: முட்டி வலிக்கிறதா, நடுங்குகிறதா, வெளிச்சம் போதுமா? சந்தேகம் இருந்தால் அங்கே மேலேறி ஊருக்குள் போய்விடலாம், நிலையம் அரை மணி நேர நடை. இந்த முடிவை இங்கே எடுப்பதுதான் நல்லது, மோல்ஸ்ஃபர்டில் போய் எடுத்தால் நடை கூடும்.

மோல்ஸ்ஃபர்டில் பாதை ஏ329 சாலையின் ஓரமாகக் கிராமத்தைக் கடந்து, பீட்டில் அண்ட் வெட்ஜ் போகும் தெருவில் மறுபடி ஆற்றுக்கு இறங்குகிறது. அங்கிருந்து முதல் ஓட்டத்தில் பழகிய அதே புல்வெளிகள்.

இதையும் தாண்டி ஆசை வருபவர்களுக்கு ஒரு தகவல். ‘ஆட்டம் 100’ (ஆங்கிலத்தில் ஆட்டம் என்றால் இலையுதிர்காலம்) என்ற நூறு மைல் பந்தயம் கோரிங்கையே நடுவாக வைத்து நடக்கிறது. தேம்ஸ் பாத்திலும் ரிட்ஜ்வேயிலும் நான்கு திசைகளில் 25 மைல்கள், ஒவ்வொன்றும் கோரிங்குக்கே திரும்பும். அதன் நான்கு கிளைகளின் தொடக்கத்தையும் நீங்கள் இந்த ஓட்டங்களிலேயே பார்த்துவிடுகிறீர்கள்.

10. திரும்பியதும்

ஈர உடையை உடனே மாற்றுங்கள், ரயிலில் ஏறும் முன்பே. காலணியின் சேற்றைப் புல்லில் தேய்த்து எடுத்துவிட்டு ஏறினால் பெட்டி கெடாது.

வீட்டில் குளிக்கும்போது உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். முட்டியின் பின்பக்கம், தொடை இடுக்கு, இடுப்பு, அக்குள், தலைமுடியோரம். எள்ளைவிடச் சிறியதாகவும் இருக்கும் என்பதால் தடவிப் பார்ப்பதே நல்லது. ஒட்டியிருந்தால் எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மெல்ல இழுக்க வேண்டும். மருந்துக்கடைகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் இதற்கென்றே கொக்கி கிடைக்கும். எடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் வட்டமாகச் சிவப்புப் படர்ந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சலும் அசதியும் வந்தாலோ, லைம் நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போய் உண்ணி கடித்த தேதியையும் இடத்தையும் சொல்லுங்கள்.